ஹீட்டருக்குத் தனிக் காவல்

கேள்வி: குளியலறையில் புதிதாக வாட்டர் ஹீட்டர் மாட்டுகிறோம். மெயின் பெட்டியில் ஏற்கெனவே ஆர்சிசிபி இருக்கிறது. ஆனாலும் ஹீட்டருக்குத் தனியாக இன்னொன்று வேண்டும் என்கிறார் வயர்மேன். காசு பறிக்கப் பார்க்கிறாரா?
– வாசகி, தெலுக் பங்லிமா காராங்

பதில்: இல்லையம்மா, அவர் கேட்பது சட்டம் கேட்பதைத்தான். மலேசியாவின் 1994 மின்சார ஒழுங்குமுறைகளில் 36-வது விதியைப் பாருங்கள். தரை ஈரமாகக்கூடிய இடத்துக்கு 10 மில்லியாம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி வேண்டும். கையில் பிடித்துப் பயன்படுத்தும் சாதனங்களுக்கு 30. மற்ற இடங்களுக்கு 100. உங்கள் பெட்டியில் இருப்பது 100 என்றால், குளிப்பவருக்கு அது போதாது.

வயரில் மின்சாரம் மிகுந்தால் துண்டிக்கும் எம்சிபி இருக்கிறதே என்று சிலர் தைரியமாக இருப்பார்கள். 20 ஆம்பியர் எம்சிபி, 50 மில்லியாம்பியர் கசிவைக் கண்டுகொள்ளவே செய்யாது. நனைந்த உடம்பில் அந்த அளவு பாய்ந்தால் இதயத் துடிப்பே குலைந்துவிடலாம். ஆர்சிசிபி அப்படியல்ல, போன மின்சாரமும் திரும்பிய மின்சாரமும் சமமா என்று ஓயாமல் கணக்குப் பார்த்து, குறைந்தால் உடனே துண்டித்துவிடும். வயரைக் காக்க ஒன்று, உயிரைக் காக்க இன்னொன்று. எர்த் வயரும் கட்டாயம் வேண்டும். ஆர்சிசிபி இருக்கிறதென்று அதை விட்டுவிடாதீர்கள்.

வேலையை எரிசக்தி ஆணையத்தில் பதிவுபெற்ற குத்தகையாளரிடமே கொடுங்கள். பிறகு மாதம் ஒருமுறை ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்துங்கள். சுவிட்ச் கீழே விழாவிட்டால், ஆர்சிசிபியை மாற்றும்வரை ஹீட்டரைத் தொடாதீர்கள். நம் ஊர் வெயிலுக்குப் பச்சைத் தண்ணீரே சுகம்தான்.