பழைய பிக்கப்புக்குப் புது பெல்ட்

கேள்வி: அப்பா காலத்து மஹிந்திரா பிக்கப்புக்கு சீட் பெல்ட், ஏர்பேக் எல்லாம் வீட்டிலேயே மாட்டிவிடலாமா? – ஒரு வாசகர், சங்கராபுரம்

பதில்: ஏர்பேக் ஆசையை விட்டுவிடுங்கள். சென்சார், கம்ப்யூட்டர், ஸ்டீயரிங் என்று அது ஒரு கூட்டுக்குடும்பம். தனியாகப் பிரிந்து வராது. பெல்ட் நல்ல யோசனை. 1959-ல் வால்வோவின் நீல்ஸ் போலின் தந்த மூன்று முனை பெல்ட்டையே வாங்குங்கள். துருப்பிடித்த தகரத்தில் முடுக்கினால், மோதும்போது பெல்ட்டும் உங்களோடு பறக்கும். தரைக்கு அடியில் கனமான இரும்புத் தகடு கொடுத்து போல்ட்டை முடுக்க வேண்டும்.

ஆனால் முதல் செலவு பிரேக்குக்குத்தான். பழைய பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும். வெள்ளிமலையிலிருந்து இறங்கும்போது சூடேறிக் கொதித்தால், பெடல் தொபுக்கென்று தரையைத் தொடும். ஆயிலோடு ரப்பர் ஹோஸையும் மெக்கானிக்கிடம் கொடுத்து மாற்றுங்கள். இறக்கத்தில் கியரைக் குறைத்தே வாருங்கள். பின்னால் ஆள் ஏற்றவே ஏற்றாதீர்கள், அங்கே எந்த பெல்ட்டும் கிடையாது.