தீவுக்குப் போனால் மந்தையாகப் போங்கள்

தாய்லாந்தின் புக்கெட்டிலிருந்து பீபீ தீவுகளுக்கு ஒரு நாள் படகுப் பயணம் அழைத்துப்போகும் கம்பெனிகளின் விளம்பரத் தாளில் கடல் இருக்கும், வெள்ளை மணல் இருக்கும், செங்குத்தான சுண்ணாம்புப் பாறை இருக்கும். மனிதர் மட்டும் இருக்கமாட்டார். மிஞ்சிப்போனால் தொப்பி போட்ட ஒரு பெண், அதுவும் நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. அந்தப் படத்தில் மயங்கிப் பணம் கட்டியவர்கள் அத்தனை பேரும் ஒரே காலையில் அதே மணலில் இறங்கி, "ஏன்தான் இவ்வளவு கூட்டமோ!" என்று ஒருவரையொருவர் முறைத்துக்கொள்வார்கள். பரமார்த்த குருவின் சீடர்கள் ஆற்றைக் கடந்ததும் தலை எண்ணிய கதைதான். ஒவ்வொருவரும் தன்னை விட்டுவிட்டு எண்ணியதால் அவர்களுக்கு ஓர் ஆள் குறைந்தது. நாமும் நம்மை விட்டுவிட்டுத்தான் கூட்டத்தை எண்ணுகிறோம். ஆனால் நமக்குக் கணக்கில் எப்போதும் ஆள் கூடிப்போகிறது. "கைடு பின்னால் ஆட்டுமந்தை மாதிரிப் போவதெல்லாம் ஒரு பயணமா?" என்று கேட்கும் அறிவாளிகள் நம்மிடையே பெருகிவிட்டார்கள். என் கட்சி நேர் எதிரானது. கொடி பிடித்தவர் பின்னால், கையில் கலர்ப் பட்டையோடு, சொன்ன இடத்தில் நின்று, சொன்ன நேரத்துக்குத் திரும்பிவருவதுதான் ஒரு வெப்பமண்டலத் தீவுக்கு நாம் செய்யக்கூடிய அதிகபட்ச மரியாதை.

இதில் மானக்கேடு இருக்கிறது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊரில் நாலு பேரை மேய்க்கும் மேனேஜர் விடியற்காலையில் ஓட்டல் வாசலில் வேனுக்குக் காத்திருப்பார். படகுத்துறையில் அவர் சட்டையில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டுவார்கள். அந்த நிமிடத்திலிருந்து அவருக்குப் பெயர் கிடையாது. அவர் 'மஞ்சள் குரூப்'. வாந்தி மாத்திரையை விழுங்கச் சொன்னால் விழுங்குவார். செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொன்னால் போடுவார். வீட்டில் துண்டைக் கொடியில் உலர்த்தச் சொன்னால் அரைமணி நேரம் வாதாடுகிற மனிதர், இங்கே ஆரஞ்சு நிற லைஃப் ஜாக்கெட்டின் மூன்று பட்டைகளையும் மறுபேச்சில்லாமல் மாட்டிக்கொண்டு, மாட்டிவிட்டதாகக் கட்டைவிரலையும் உயர்த்திக் காட்டுவார். பணம் கட்டிக் கீழ்ப்படியும் இந்த விந்தை புதிதல்ல. 1841 ஜூலையில் தாமஸ் குக் என்பவர் இங்கிலாந்தின் லெஸ்டரிலிருந்து லஃப்பரோவுக்குச் சுமார் 500 பேரைத் தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கிக்கொண்டு ரயிலில் கூட்டிப்போனார். கூட்டுச் சுற்றுலா என்ற தொழிலுக்கு அதைத்தான் பிள்ளையார் சுழியாகச் சொல்வார்கள். போனவர்கள் எல்லோரும் மதுவிலக்குக்காரர்கள். போன இடம் மதுவிலக்குக் கூட்டம். மனிதர்களைக் கெட்ட வழியில் போகாமல் பார்த்துக்கொள்ளவே இந்த ஏற்பாடு பிறந்தது என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம். இன்று மாலைப் படகில் பீர் விற்கிறார்கள் என்பது தனிக்கதை.

கீழ்ப்படிதல் ஏன் நல்லது என்பதற்கு முதல் காரணம் கடல். அந்தமான் கடலில் மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவக்காற்று ஆட்சி செய்கிறது. ஸ்பீட்போட்டின் மூக்குப் பகுதியில் உட்கார்ந்தால் காற்று நன்றாக வரும், படம் நன்றாக வரும் என்று அடித்துப்பிடித்து இடம் போடுவோம். படகின் மூக்குதான் அலையில் அதிகம் தூக்கிப் போடும் இடம் என்பதை முதுகெலும்பு பத்து நிமிடத்தில் விளக்கிச் சொல்லிவிடும். பின்பக்கம் உட்காருங்கள், தொலைவில் அடிவானத்தைப் பாருங்கள் என்று கைடு சொல்வதில் விஞ்ஞானம் இருக்கிறது. உள்காது ஆட்டத்தை உணர்கிறது. கண்ணோ கையிலிருக்கும் செல்போனில் அசையாத எழுத்தைப் பார்க்கிறது. இரண்டு சாட்சிகளும் முரண்பட்டால் வயிறு தீர்ப்பு சொல்கிறது. இதெல்லாம் சிரிக்கக்கூடிய விஷயம். சிரிக்க முடியாததும் உண்டு. 2018 ஜூலையில் புக்கெட் அருகே 'ஃபீனிக்ஸ்' என்ற சுற்றுலாப் படகு சீற்றக் கடலில் மூழ்கி 47 சீனப் பயணிகள் இறந்தார்கள். இன்று காற்று சரியில்லை, தீவு கிடையாது என்று ஒரு கைடு சொல்லும்போது, 'காசு கட்டியிருக்கிறோமே' என்று ஆரம்பிக்கிறவர்களுக்கு இந்த ஒரு வாக்கியம் போதும்.

இரண்டாவது காரணம் தீவு. இங்கே மாயா விரிகுடாவின் வரலாற்றைச் சொல்லியாக வேண்டும்; இதைவிட நல்ல நகைச்சுவையை மனிதன் கற்பனையில் எழுத முடியாது. ஆள் குடியிருப்பில்லாத பீபீ லே தீவில், மூன்று பக்கமும் பாறை சூழ்ந்த சின்னக் கடற்கரை அது. லியனார்டோ டிகாப்ரியோ நடித்து 2000இல் வெளிவந்த 'தி பீச்' படத்தை அங்கே எடுத்தார்கள். சுற்றுலாப் பயணிகள் கண்ணில் படாமல் ஒரு ரகசியக் கடற்கரையைக் காப்பாற்றத் துடிக்கும் கூட்டத்தைப் பற்றிய கதை. படமெடுக்க வந்தவர்கள் பார்த்தார்கள். அந்த வெப்பமண்டலத் தீவு அவர்கள் எதிர்பார்த்த அளவுக்கு வெப்பமண்டலமாக இல்லை. மணல்மேட்டைச் சரிசெய்து, அங்கே இயல்பாக வளர்ந்த செடிகளைப் பிடுங்கி, தென்னைகளைக் கொண்டுவந்து நட்டார்கள். தாய்லாந்தில் தென்னை நட ஹாலிவுட்டிலிருந்து ஆள் வந்த கதை இது. இதை எதிர்த்துப் போட்ட வழக்கு பல ஆண்டுகள் நடந்தது. ரகசியக் கடற்கரையின் படத்தை உலகமே பார்த்தது. பார்த்தவர்கள் எல்லோரும் ரகசியமாகக் கிளம்பி வந்தார்கள். உச்சத்தில் ஒரு நாளைக்கு 5000 பேர். அவர்கள் நிற்பதற்கு இருந்த மணல், நீளத்தில் சுமார் 250 மீட்டர். படகுகளின் நங்கூரமும் புரொப்பெல்லரும் பவளப்பாறைகளை நொறுக்கின. 2018 ஜூனில் நாலு மாதத்துக்கென்று மூடினார்கள்; மூடியது மூடியபடியே இருந்து 2022 ஜனவரியில்தான் திறந்தது. நம்மால் அந்தக் கடற்கரைக்கு ஆன மிகப் பெரிய உபகாரம், நாம் வராமல் இருந்ததுதான். அந்த இடைவெளியில் கருமுனைச் சுறாக்கள் கரையோரத்துக்குத் திரும்பிவந்தன.

"பார்த்தீர்களா, அந்த 5000 பேரும் கைடு வைத்துப் போன மந்தைதானே? மந்தைதானே நாசம் செய்தது?" என்று கேட்பீர்கள். வலுவான கேள்வி. மறுக்கமாட்டேன். ஆனால் நோய் எது, மருந்து எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். அன்று கொடி இருந்தது, கைடு இருந்தார். கட்டுப்பாடு மட்டும் இல்லை. எந்தப் படகும் நேரே விரிகுடாவுக்குள் நுழையலாம், எத்தனை பேரும் இறங்கலாம் என்ற தாராளம்தான் கெடுத்தது. திறந்தபோது என்ன செய்தார்கள்? படகுகள் விரிகுடாவுக்குள் வரக்கூடாது. தீவின் பின்பக்கம் லோ சமா விரிகுடாவில் மிதவைத் துறையில் நிறுத்த வேண்டும். அங்கிருந்து மரப்பாதையில் நடந்து வர வேண்டும். ஒரு நேரத்தில் சில நூறு பேருக்குமேல் கூடாது. நீச்சல் கூடாது, கணுக்கால் முழங்கால் அளவு நனைத்துக்கொண்டால் சரி. மந்தையை ஒழிக்கவில்லை, மந்தையை ஒழுங்காக மேய்த்தார்கள். அந்த ஒழுங்கை அன்றாடம் அமல்படுத்துவது அறிவிப்புப் பலகையா? பலகையை வாசித்த மனிதன் எந்த நாட்டிலும் பிறக்கவில்லை. வாய் ஓயாமல் கத்துகிற அந்தக் கைடுதான் சட்டத்தின் கடைசிக் கிளை. பவளத்தைக் கெடுக்கும் ரசாயனம் கலந்த சன்ஸ்கிரீனைத் தேசியப் பூங்காக்களில் தாய்லாந்து 2021இல் தடைசெய்தது. அபராதம் 1 லட்சம் பாட் வரை. இது அரசிதழில் இருக்கிறது. நம் முதுகில் இருப்பது என்ன குழம்பு என்று எட்டிப்பார்த்துக் கேட்பவர் கைடு மட்டுமே.

பக்கத்திலிருக்கும் பாங் நா விரிகுடாவிலும் இதே பாடம்தான். 1974இல் வந்த ஜேம்ஸ் பாண்ட் படமான 'தி மேன் வித் தி கோல்டன் கன்'னில் வில்லனின் இருப்பிடமாக ஒரு தீவைக் காட்டினார்கள். அதன் எதிரே கடலுக்குள் ஆணி அடித்ததுபோல் நிற்கும் 20 மீட்டர் உயரப் பாறையின் பெயர் கோ தாப்பு. பாண்ட் வந்து போனது ஒருமுறை. பாண்டைப் பார்த்தவர்கள் வந்துகொண்டே இருக்கிறார்கள். பாறையின் அடிப்பகுதி அரிக்கப்படுவதைத் தடுக்க 1998இலிருந்து படகுகள் அதை நெருங்கக் கூடாது என்று விதி. வில்லன்கள், வெடிகுண்டு எல்லாவற்றையும் தாண்டி நின்ற பாறைக்கு, கிட்டத்தில் போய் செல்ஃபி எடுக்கும் ஆசைதான் உண்மையான ஆபத்தாக வந்தது.

அடுத்த ஆட்சேபம் நேரத்தைப் பற்றியது. ஒரு இடத்தில் நாற்பது நிமிடம், இன்னொன்றில் இருபது, பஃபே சாப்பாட்டுக்கு ஐம்பது. இதில் தீவை எப்படி அறிவது? நான் கேட்கிறேன், பத்து நாள் தங்குகிறவர் எதை அறிந்தார்? ஓட்டல் நீச்சல் குளத்தின் ஆழத்தை அறிந்தார். பீபீ லேயை உண்மையில் அறிந்தவர்கள் வைக்கிங் குகையில் மூங்கில் சாரம் கட்டி ஏறி, உழவாரன் குருவியின் கூடு எடுப்பவர்கள். எச்சிலால் கட்டிய அந்தக் கூட்டைச் சீனர்கள் சூப் வைத்துக் குடிக்கிறார்கள், விலையும் அதற்கேற்றபடி. அந்தக் குகைக்குள் பயணிகளை விடுவதில்லை. படகிலிருந்தபடியே பார்த்துவிட்டுப் போகவேண்டியதுதான். தீவை அறிந்தவர்கள் நம்மைப் பற்றி என்ன நினைக்கிறார்கள் என்பதற்கு அந்த மூடிய வாசலே பதில். நமக்குக் கிடைக்கும் நாற்பது நிமிடத்தில் முப்பது நிமிடம் போட்டோவுக்கும், மீதி அந்தப் போட்டோவில் யார் கண்ணை மூடினார் என்ற விசாரணைக்கும் போகிறது. நேரத்தை இரட்டிப்பாக்கினால் போட்டோதான் இரட்டிக்கும்.

"சரி, தனியாக ஒரு லாங்டெயில் படகை வாடகைக்கு எடுத்து, கூட்டம் வருமுன் போய்விடலாமே" என்பவர்களும் உண்டு. முன் நுனியில் பல வண்ணத் துணி கட்டிய அழகான மரப்படகு அது. படகைக் காக்கும் மே யா நாங் என்ற தேவதைக்காகக் கட்டிய துணி. கூலி அந்த ஊர்ப் படகுக்காரருக்கே நேராகப் போகிறது. பெரிய கம்பெனி ஸ்பீட்போட்டில் கட்டும் பணத்தில் தீவில் தங்குவது கொஞ்சம்தான். இந்த வாதத்துக்கு முன் என் கட்சி தலைகுனிகிறது. ஆனால் கூட்டம் வருமுன் போய்விடும் யோசனை எல்லோருக்கும் ஒரே சமயத்தில்தான் வருகிறது. காலை ஆறரை மணிக்கே கூட்டம் வருமுன் வந்தவர்களின் கூட்டம் சேர்ந்துவிடும். முப்பது பேர் ஒரு எஞ்சினில் வருவதும், முப்பது பேர் பத்து எஞ்சினில் வருவதும் பவளத்துக்கு ஒன்றல்ல. லாங்டெயிலில் போங்கள், குடும்பமாக, குழுவாக, படகு நிறைய ஏறிப்போங்கள். தனிமை வேண்டுமென்றால் அதற்குத் தீவு வரை போக வேண்டாம். கரண்ட் போன நேரத்தில் மொட்டை மாடியே போதும்.

கடைசியாக ஒரு ஆட்சேபம் நம்மவர்களுக்கே உரியது. "கைடு, கொடி எதுவுமில்லாமல் கடல் கடந்த பரம்பரை நாங்கள்" என்று மார்தட்டுவோம். கடந்தது உண்மை. இதே பாங் நா மாகாணத்தின் தக்குவா பா பகுதியில் ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்திருக்கிறது. அவனிநாரணம் என்ற குளத்தைத் தோண்டியதையும், அது மணிக்கிராமத்தார் முதலியோரின் பாதுகாப்பில் விடப்பட்டதையும் சொல்கிறது. மணிக்கிராமத்தார் யார்? வணிகக் குழுவினர். கூட்டமாகப் போய், குழுவின் கட்டுப்பாட்டுக்கு அடங்கி நடந்தவர்கள். தனியாளாகச் சாகசம் செய்ய யாரும் அன்று கடலில் இறங்கவில்லை. போன இடத்தில் ஒரு குளத்தை வெட்டி, அதைப் பார்த்துக்கொள்ள ஆளும் வைத்தார்கள். ஆயிரத்து நூறு வருடத்துக்குப் பின் அதே கடற்கரைக்குப் போகும் நாம் விட்டுவருவது தண்ணீர் பாட்டில். பரம்பரைப் பெருமை பேசுகிறவர்கள் மந்தையைப் பழிக்கும் உரிமையை இழக்கிறார்கள் என்பது என் தீர்ப்பு.

ஆகவே, போகிறவர்கள் தாராளமாகப் போங்கள். பருவக்காற்று ஓய்ந்தபின் போங்கள். ஆகஸ்டு, செப்டம்பரில் மாயா விரிகுடா ஆண்டுதோறும் மூடியிருக்கும் என்பதை டிக்கெட் போடுமுன் நினைவில் வையுங்கள். வெளிநாட்டவருக்குப் பூங்காக் கட்டணம் உள்ளூர்க்காரரைவிடப் பல மடங்கு என்று கொதிக்க வேண்டாம். தாஜ்மகால் வாசலில் நாமும் அதைத்தான் செய்கிறோம். குரங்குக்குச் சிப்ஸ் கொடுக்காதீர்கள், அதுவே எடுத்துக்கொள்ளும். மீனுக்கு ரொட்டி போடாதீர்கள், பவளத்தின் மேல் ஏறி நிற்காதீர்கள், கிளிஞ்சலைப் பையில் போடாதீர்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கைடு கூப்பிட்டதும் 'இன்னும் ஒரே ஒரு போட்டோ' என்று சொல்லாமல் படகுக்கு வந்துவிடுங்கள். மஞ்சள் குரூப் முழுவதும் உங்கள் ஒருவருக்காக வெயிலில் உட்கார்ந்திருக்கிறது.