ஈயக்குண்டும் நிதானமும்: ஓர் ஆய்வுரை

பதற வேண்டிய இடத்தில் பதறாமல் நிற்பதைச் சொல்ல ஆங்கிலேயர்களுக்குச் சொந்தச் சரக்கு போதவில்லை. 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சுக்காரர்களிடம் 'அப்ளாம்' என்ற சொல்லைக் கடன் வாங்கினார்கள். இன்னும் திருப்பித் தரவில்லை. ஒலியை மட்டும் கேட்டு, இது நம் அப்பளத்தின் வழித்தோன்றல் என்று நிறுவ யாரேனும் முற்படலாம். ஏற்பதற்கில்லை. தொட்டால் நொறுங்கும் பண்டம் மன உறுதிக்குப் பெயர் கொடுத்திருக்காது.

சொல் பிறந்தது கொத்தனாரின் சாரத்தில். பிரெஞ்சில் 'ப்ளோம்' என்றால் ஈயம். 'ஆ ப்ளோம்' என்றால் ஈயத்தின்படி, அதாவது தூக்குக்குண்டு காட்டும் நேர்செங்குத்தில். ஈயம் தண்ணீரைப் போல் 11 மடங்குக்கு மேல் கனம். அவ்வளவு கனத்தை உள்ளே வைத்திருப்பவர் ஆடமாட்டார் என்பது முன்னோர் துணிபு.

களத்தில் கண்டதோ வேறு. கொத்தனார் நூல் கோத்த கட்டையைச் சுவரின் மேல்வரியில் அழுத்திப் பிடித்து நூலை இறக்குகிறார். நிதானத்தின் மூலவர் நுனியில் தொங்கிக்கொண்டு ஆடோ ஆடென்று ஆடுகிறார். உள்ளங்கையால் அணைத்து நிறுத்தினால், சின்னக் காற்றுக்கே மறுபடி ஆட்டம். காற்று வலுத்தால் வாளித் தண்ணீரில் முக்கித்தான் அடக்க வேண்டும். குண்டும் கட்டையும் ஒரே அகலம். எனவே குண்டு சுவரைத் தொட்டும் தொடாமலும் நின்றால் சுவர் நேர். இப்போது வருகிற குண்டுகள் பெரும்பாலும் இரும்பு, பித்தளை. ஈயம் சொல்லில் மட்டும் மிஞ்சியிருக்கிறது.

1173-இல் கட்டத் தொடங்கிய பைசா கோபுரம் ஆய்வாளரைச் சங்கடப்படுத்துகிறது. சொல்லின் நேர்ப்பொருளில் அதற்கு அப்ளாம் கிடையாது. மற்றப் பொருளில் அதைவிட யாருக்கு உண்டு?

பாலே ஆசிரியர்கள் ஒற்றைக்காலில் ஆடாமல் நிற்பதை இச்சொல்லால் குறிக்கிறார்கள். பிரெஞ்சில் இன்னொரு பொருளும் உண்டு: துணிச்சலான திமிர். அடுத்தவர் காலை மிதித்துவிட்டு, "காலை உள்ளே வைக்கக் கூடாதா?" என்று அவரையே கேட்பவரிடம் இருப்பது அதுதான்.

ஈயத்துக்கு இலத்தீனில் 'ப்ளும்பும்'. ரோமர்கள் ஈயக் குழாயில் தண்ணீர் விட்டார்கள்; பிளம்பர் என்ற பெயரும் அங்கிருந்தே வந்தது. ஆக, அப்ளாமுக்கு அவர் பங்காளி. குடும்பச் சாயலுக்குச் சான்று வேண்டுவோர், சமையலறையில் தண்ணீர் கணுக்காலைத் தொடும்போது அவருக்குப் போன் செய்யலாம். "அஞ்சே நிமிஷம் சார், கிளம்பிட்டேன்." குரலில் ஒரு பிசிறு இருக்காது.