கேத்தில் கொதிக்குது

லண்டன் ஈஸ்ட்ஹாமில் மாமா வீட்டுத் தொலைபேசி மாமாவின் பெயரில் இருந்தது. ஆனால் அது மாமியின் சொத்து. 1984ஆம் ஆண்டு. கட்டுநாயக்காவில் விமானம் ஏறிய பாதி யாழ்ப்பாணத்தின் சட்டைப்பையில் அந்த வீட்டு இலக்கம் மடித்து வைக்கப்பட்டிருந்தது என்பது என் கணக்கு. ஹீத்ரோவில் வந்து இறங்கியவன், அறை தேடுகிறவன், தாயின் கடிதம் வரவில்லை என்று கலங்குகிறவன், எல்லோரும் அந்த இலக்கத்தைத்தான் சுழற்றினார்கள். ரிசீவரை எடுத்ததும் மாமி யார் என்று கேட்கமாட்டார். "சாப்பிட்டாச்சோ?" என்றுதான் கேட்பார். வெள்ளைக்காரர் எடுத்தாலும் அதே கேள்விதான், ஆங்கிலத்தில்.

இந்தத் தொலைபேசியில்தான் நான் மோடம் பூட்டத் துணிந்தேன்.

இரவில் பெற்றோல் செட்டில் நின்று சேர்த்த காசில் ஒரு பழைய பிபிசி மைக்ரோ கம்ப்யூட்டர் வாங்கியிருந்தேன். கடையில் புதிது 399 பவுண். அதன் நினைவகம் 32 கே. இன்று சித்தப்பாக்கள் அனுப்பும் காலை வணக்கப் படம் ஒன்றுகூட அதற்குள் அடங்காது. அறையில் அதுவும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு இருந்தோம். மோடம் இருந்தால் அது வேறு கம்ப்யூட்டர்களோடு பேசும் என்று கூடப் படித்தவன் ஒருவன் சொல்லிவிட்டான். விதி இப்படித்தான் வரும்.

கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது ஒன்றும் பூச்சியமும். தொலைபேசிக் கம்பி மனிதக் குரலுக்காகப் போட்டது. நடுவில் மோடம் உட்கார்ந்து ஒன்றுக்கு ஒரு சுருதி, பூச்சியத்துக்கு ஒரு சுருதி என்று பாடிக் காட்டும். எங்கள் முந்நூறு பாட் வேக வகையில், அழைக்கிறவர் பக்கம் ஒன்றுக்கு 980 ஹெர்ட்ஸ், பூச்சியத்துக்கு 1180. எடுக்கிறவர் பக்கம் 1650, 1850. ஆளுக்கு வேறு வேறு சுருதி என்பதால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசினாலும் ஒருவர் சொல்வது மற்றவருக்குத் தெளிவாக விளங்கும். எங்கள் வீட்டில் அன்றுவரை நடந்திராத அதிசயம் அது.

சட்டம் ஒன்று குறுக்கே நின்றது. தொலைபேசி நிறுவனம் தருகிற கருவியைத் தவிர வேறெதையும் கம்பியில் பூட்டக் கூடாது என்ற ஏகபோகத்தை 1981ஆம் ஆண்டுச் சட்டம் தளர்த்தியிருந்தது. ஆனால் கருவி சோதனையில் தேறியிருக்க வேண்டும். தேறியதற்கு அப்போது பச்சை வட்டம் ஒட்டுவார்கள். தேறாததற்குச் சிவப்பு முக்கோணம். முக்கோணம் போட்டதை விற்கலாம், வாங்கலாம், மேசையில் வைத்து அழகு பார்க்கலாம். கம்பியில் பூட்டினால்தான் குற்றம். கள்ளை வாங்கி முட்டியோடு வீட்டில் வைத்துக்கொள், குடித்துவிடாதே என்பது போன்ற சட்டம். பச்சை வட்டத்தின் விலை எனக்குக் கட்டாது. தபாலில் வரும் கிட்டை வாங்கி நானே ஈயம் பற்றவைப்பது என்று முடிவு செய்தேன். விளம்பரத்தின் மூலையில் இருந்த சிவப்பு முக்கோணத்தை மாமா மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கிட்டப் பிடித்துப் பார்த்தார். இந்தியப் பத்திரிகைகளில் தலைகீழ்ச் சிவப்பு முக்கோணம் குடும்பக் கட்டுப்பாட்டு விளம்பரத்துக்கு வரும் என்பது அவருக்குத் தெரியும்.

"உந்த வயசிலை உனக்கு ஏன் தம்பி உது?" என்றார்.

கிட் வந்தது. சட்டைப் பொத்தான் அளவுத் துண்டுகள் எண்பது தொண்ணூறு இருக்கும். எதை எங்கே வைப்பது என்று சொன்ன தாள், எழுதியவருக்கு ஏற்கனவே தெரிந்ததை அவரே நினைவுபடுத்திக்கொள்ள எழுதிய மாதிரி இருந்தது. மூன்று வாரம் பிடித்தது. மேசை விரிப்பில் விழுந்த ஈயத்துளி தின்ற ஓட்டையை மறைக்கப் பூச்சாடி வைத்தேன். பிறகு இரண்டாவது பூச்சாடி. மாமி நான் வீட்டை அலங்கரிப்பதாக நினைத்துச் சந்தோஷப்பட்டார்.

எல்லாம் பற்றவைத்து முடித்துப் பூட்டினால் ஒரு சத்தமும் இல்லை. இரண்டு இரவு ஒவ்வொரு பற்றையும் திரும்பச் சூடாக்கினேன். குற்றம் கிட்டில் இல்லை. பிபிசி மைக்ரோவின் முதுகில் தொடர்புக்கு என்று ஒரு வட்டத் துளை உண்டு, அதில் ஐந்து ஊசி. நாலு மூலைக்கு நாலு, நடுவில் ஒன்று. பகடைக்காயின் ஐந்துப் பக்கம்போல. அந்தச் செருகியை நேராகவும் செருகலாம், தலைகீழாகவும் செருகலாம், இரண்டு விதமாகவும் அது பிகு பண்ணாமல் உள்ளே போகும். ஆனால் ஒரு விதத்தில்தான் வேலை செய்யும். இவ்வளவு மூளையான கம்ப்யூட்டரைச் செய்தவர்களுக்கு ஓரத்தில் ஒரு சிறு மேடு வைக்கத் தோன்றவில்லை என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் பல்லைக் கடிக்க வரும்.

பல்லைப் பற்றிச் சொல்ல வேண்டும். சுவர்ப் பெட்டியைத் திறந்து தொலைபேசிக் கம்பியின் உறையை உரிக்க வேண்டியிருந்தது. குறடு கீழே இருந்தது. படியிறங்கச் சோம்பல். ஊரில் பனங்கிழங்கு உரித்த பல்தானே என்று கம்பியைக் கடித்தேன். சும்மா இருக்கும்போது அதில் ஓடுவது 50 வோல்ட் நேர்மின். மணியடிக்கும்போது 75 வோல்ட் அளவில் மாறுமின் வரும் என்பதைப் பிறகு வாசித்து அறிந்தேன். முதலில் பல்லால் அறிந்தேன். அழைத்தவர் குரோய்டனில் இருந்த மாமியின் தங்கை, எங்களுக்குச் சின்னம்மா. மாடியில் தொம் என்று விழுந்த சத்தம் கேட்டும் மாமி பேச்சை நிறுத்தவில்லை. பேச்சு முக்கால் மணித்தியாலம் போனது.

ஒரு வெள்ளி இரவு, ஆறு மணிக்குப் பிறகு கட்டணம் குறைகிற நேரத்தில், மோடம் முதன்முதலாக வாய் திறந்தது. எதிர்முனையில் விசில். என் பக்கம் விசில். பிறகு கரகரப்பு. அப்புறம் திரையில் எழுத்து ஒவ்வொன்றாக ஊர்ந்து வந்தது, விநாடிக்கு முப்பது. அம்மம்மா தேவாரம் படிக்கிற வேகம் அதைவிடக் கூட என்றுதான் எனக்குத் தோன்றியது. ஆனாலும் அந்த எழுத்துகளை அனுப்பியது எங்கோ இன்னொருவன் வீட்டு மேசையில் இருந்த கம்ப்யூட்டர். எனக்குக் கை நடுங்கியது. பாதி வரியில் மாமி கீழே ரிசீவரை எடுத்து "ஹலோ?" என்றார். திரையில் வளைந்த அடைப்புக்குறி நாலு, அலைக்கோடு ஒன்று, ஏதோ சதுரம், பிறகு வெறுமை. மாமியின் ஹலோவை எழுத்தில் பார்த்தவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன்.

நான் அன்று அழைத்த மாதிரியான வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கு ஒரு முன்கதை உண்டு. 1978ஆம் ஆண்டுத் தொடக்கத்தில், சிகாகோவில் பனிப்புயல் ஆட்களை வீட்டுக்குள் அடைத்துப் போட்ட சமயம், வார்ட் கிறிஸ்டென்சன், ராண்டி சூஸ் என்ற இருவர் கம்ப்யூட்டரில் ஓர் அறிவிப்புப் பலகை கட்டினார்கள். ஒருவர் அழைத்துச் செய்தி எழுதி வைக்கலாம், அடுத்தவர் அழைத்து வாசிக்கலாம். இங்கிலாந்துப் பையன்களும் அதையே செய்தார்கள். ஆனால் அவர்களிடம் தனித் தொலைபேசி இல்லை. அம்மாவின் தொலைபேசிதான் இருந்தது. அதற்கு ஒரு யுக்தி கண்டுபிடித்தார்கள். இரண்டு மணி அடிக்க விட்டுத் துண்டி. உடனே திரும்ப அழை. இரண்டாம் முறை மோடம் எடுக்கும். கூடப் படித்தவன் இதைப் பெரிய விஞ்ஞானமாக விளக்கினான். எனக்குச் சிரிப்பு வந்தது. "வந்து சேர்ந்தாச்சு" என்பதற்கு இரண்டு மணி, "பிள்ளை பிறந்தாச்சு" என்பதற்கு மூன்று மணி என்று காசு கொடுக்காமல் சேதி சொல்வதில் எங்கள் சனம் பட்டம் வாங்கியிருந்தது.

அங்கேதான் பிழை விட்டேன். இரவு பத்து முதல் பன்னிரண்டு வரை என்று நானும் ஒரு பலகை தொடங்கினேன். மணியை உணர்ந்து தானே எடுக்க ஒரு ரிலே பூட்டினேன். ஒரு ஞாயிறு குரோய்டன் சின்னம்மா வீட்டுக்கு வந்து பத்து மணிக்குத் திரும்பிப் போனார். வீடு சேர்ந்ததும் வழக்கப்படி இரண்டு மணி அடித்துத் துண்டித்தார். கறிச்சட்டியை எங்கள் வீட்டில் விட்டுவிட்ட ஞாபகம் வந்து உடனே திரும்ப அழைத்தார். மோடம் கடமை தவறாமல் எடுத்து, 2100 ஹெர்ட்ஸில் அவர் காதுக்குள் ஊதியது.

மறுநாள் சின்னம்மா மாமியிடம் சொன்னதை வரிசையாக எல்லோரும் என்னிடம் சொன்னார்கள். "அக்கா, கேத்தில் கொதிக்குது, கேத்தில் கொதிக்குது எண்டு நான் கத்துறன். ஆரும் நிப்பாட்டேல்லை!"

காலாண்டு பில் அதே கிழமையில் வந்தது. அந்தக் காலத்துப் பில்லில் யாருக்கு, எத்தனை நிமிடம் என்ற விவரம் கிடையாது. மொத்த அலகு, மொத்தக் காசு, அவ்வளவுதான். அதனால் மாமியும் நானும் ஒருவரையொருவர் காட்டிக்கொடுக்க முடியவில்லை. அந்த ஒரு விஷயத்தில் எங்களுக்குள் நல்ல ஒற்றுமை நிலவியது.

ஆனால் 1985இல் பத்திரிகையில் ஒரு செய்தி. பிரெஸ்டல் என்ற தொலைபேசித் தகவல் சேவையில் இளவரசர் பிலிப்பின் அஞ்சல்பெட்டிக்குள் நுழைந்ததாக இருவர் கைது. மாமா பத்திரிகையை மடித்தார். மாடிக்கு வந்தார். மோடத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், எங்கள் விசாக் காகிதம் இருந்த அலுமாரியைப் பார்த்தார்.

"உதைக் கழட்டு."

அன்றிரவு கழற்றுவதற்கு முன் பலகையைக் கடைசியாகத் திறந்தேன். நாலு மாதத்தில் வந்த அழைப்பு பதினொன்று, அதில் ஆறு நானே. ஒரேயொரு புதுச்செய்தி இருந்தது. எழுதியவன் கென்ட் பக்கத்துப் பள்ளிக்கூடப் பையன். முந்தின இரவு இரண்டு மணி அடிக்க விட்டுத் துண்டிக்க நினைத்தவன், துண்டிக்க முன் ஓர் அம்மா எடுத்துவிட்டாராம். முகத்தில் அடித்தாற்போல வைப்பது மரியாதையில்லை என்று கொஞ்ச நேரம் பேசினானாம். அவர் ஒன்று கேட்டார், அப்போது பதில் சொல்லத் தெரியவில்லை, தயவுசெய்து சொல்லிவிடவும்: ஆம், சாப்பிட்டுவிட்டேன்.

கீழே போய் மாமியிடம் சொன்னேன். அவர் கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

"என்ன சாப்பிட்டவனாம்?"