விண்ணப்பத்தில் மாணவர் எங்கே?

கல்லூரியில் பாடம் எடுக்கவும் கல்லூரியை நடத்தவும் மேற்படிப்பு படிக்க நினைப்பவர்களின் கேள்விகள் இந்த வாரம்.

உயர்கல்வி நிர்வாகத்துக்கென்று தனியாக ஒரு முதுகலைப் படிப்பா? இடமும் பணமும் இருந்தால் கல்லூரி தானாக நடக்காதா?
– வாசகர், நாமக்கல்

இடமும் பணமும் இருந்தால் கட்டடம் எழும்பும். அதற்குள் வந்து சேர்ந்த மாணவி மூன்றாம் செமஸ்டரில் ஏன் வரவில்லை என்று கேட்க ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளை உருவாக்குகிற படிப்பு இது. அமெரிக்காவில் கிளார்க் பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி ஹால் 1893-லேயே உயர்கல்வியை வகுப்பறைப் பாடமாக நடத்தினார். இன்று மாணவர் சேர்க்கை, நிதி உதவி, விடுதி, சட்டம், பட்ஜெட், மாணவர் ஆலோசனை என்று ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் படிக்கிறார்கள்.

நான் பி.இ. பட்டதாரி. பி.எட். இல்லை. அமெரிக்காவில் உயர்கல்வி எம்.எட்.டில் சேர முடியுமா?
– வாசகி, கோவை

முடியும். நம் ஊரில் எம்.எட். வாசலிலேயே பி.எட். சான்றிதழையும் அதில் 50 சதவீத மதிப்பெண்ணையும் கேட்பார்கள். அங்கே உயர்கல்வி எம்.எட்.டுக்கு ஏதாவது ஓர் இளநிலைப் பட்டம் போதும். உங்களுடையது நான்காண்டுப் பட்டம் என்பதால் ஒரு கவலை குறைவு. பி.ஏ., பி.எஸ்சி., பி.காம். படித்தவர்கள் மட்டும், மூன்றாண்டுப் பட்டத்தை அந்தப் பல்கலைக்கழகம் ஏற்குமா என்று கட்டணம் கட்டுவதற்கு முன்பே மின்னஞ்சலில் கேட்டுவிட வேண்டும்.

கடல் தாண்ட மனமில்லையா? கல்வியியலில் எம்.ஏ. படியுங்கள், அதற்கு பி.எட். தேவையில்லை. பெங்களூரு அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகத்தில் அந்தப் படிப்பு உண்டு. குடும்பத்தின் பொருளாதார நிலையைப் பார்த்துக் கட்டண உதவியும் தருகிறார்கள். வேலையை விட முடியாதவர்கள் தொலைநிலையில் படிக்க இக்னோ இருக்கிறது.

எம்.காம்., எம்.எட். இரண்டும் முடித்துவிட்டேன். கல்லூரியில் உதவிப் பேராசிரியர் ஆகிவிடலாம்தானே?
– வாசகர், தஞ்சாவூர்

இரண்டு பட்டம் இருந்தும் இன்னும் ஒரு தேர்வு பாக்கி. வணிகவியல் துறையில் சேர எம்.காம்.மில் 55 சதவீதமும் (இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு 50) நெட் அல்லது செட் தேர்ச்சியும் வேண்டும். பல்கலைக்கழகத் துறைகளில் சேரப் பிஎச்.டி. கட்டாயம் என்று முன்பு அறிவித்திருந்த யு.ஜி.சி., 2023 ஜூலை முதல் அதைத் தளர்த்திவிட்டது. எம்.எட். படித்தது வீண் என்று நினைக்காதீர்கள். நெட் முதல் தாளின் பாடத்திட்டம் கற்பிக்கும் திறனில் தொடங்கி உயர்கல்வி அமைப்பில் முடிகிறது. அந்தத் தாளில் 50 கேள்விகள், 100 மதிப்பெண், தவறான விடைக்குக் கழிவும் கிடையாது. மற்றவர்கள் புதிதாகப் படிக்க வேண்டியதை நீங்கள் ஏற்கெனவே படித்துவிட்டீர்கள்.

நிர்வாகம் படித்தால் நேரே முதல்வர் நாற்காலியில் உட்காரலாமா?
– வாசகர், சேலம்

அந்த நாற்காலிக்குப் போகும் வழி வகுப்பறை வழியாகத்தான். யு.ஜி.சி.யின் 2018 விதிமுறைகளின்படி முதல்வராகப் பிஎச்.டி., 15 ஆண்டு கற்பித்தல் அல்லது ஆய்வு அனுபவம், குறைந்தது 10 ஆய்வு வெளியீடுகள் வேண்டும். இது நல்ல விதி என்பது என் எண்ணம். கரும்பலகை முன் நின்றவருக்குத்தான் பெஞ்சில் இருப்பவரின் முகம் தெரியும். ஆனால் முதல்வர் அறைக்கு வெளியே சேர்க்கை, தேர்வுப் பிரிவு, உதவித்தொகை, வேலைவாய்ப்புப் பிரிவு என்று எத்தனையோ மேசைகள் இருக்கின்றன. மாணவர் அதிகம் வந்து நிற்பது அந்த மேசைகளின் முன்தான். படித்தவர்கள் அங்கே வரவேண்டும்.

கல்லூரி அலுவலகத்தில் இளநிலை உதவியாளராக இருக்கிறேன். அமெரிக்கப் பல்கலைக்கழகத்துக்கு எழுதிய எஸ்.ஓ.பி.யை (நோக்க அறிக்கையை) இணைத்துள்ளேன். எப்படி இருக்கிறது என்று சொல்லுங்கள்.
– வாசகர், விருதுநகர்

'சிறு வயது முதலே கல்வியின் மீது எனக்குத் தீராத தாகம்' என்று தொடங்கியிருக்கிறீர்கள். தேர்வுக் குழுவினர் அன்று காலையிலிருந்தே தாகம் கொண்ட பலரைப் படித்திருப்பார்கள். அந்தப் பத்தியை முழுதாக எடுத்துவிடுங்கள்.

அதே சமயம், எனக்கு எழுதிய கடிதத்தின் அடியில் பின்குறிப்பாக ஒன்று சொல்லியிருக்கிறீர்களே, அதுதான் உங்கள் எஸ்.ஓ.பி. ஒரு மாணவிக்கு டி.சி.யில் இனிஷியல் 'எம்'. வருமானச் சான்றிதழில் 'மு'. வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியலே இல்லை. உதவித்தொகை நின்றுவிட்டது. தாலுகா அலுவலகத்துக்கும் இ-சேவை மையத்துக்கும் அவளோடு அலைந்ததில் அப்பாவுக்குக் கூலி போயிற்று. அடுத்த ஆண்டு நீங்கள் ஒரு தாளில், எந்தச் சான்றிதழில் பெயர் எப்படி இருக்க வேண்டும் என்று கட்டம் போட்டு எழுதி, சேர்க்கை தொடங்கும் முன்பே கவுன்ட்டர் கண்ணாடியில் ஒட்டினீர்கள். திரும்பிப் போகிறவர்கள் குறைந்தார்கள்.

இதை முதல் பத்தியாக்குங்கள். இரண்டாவது பத்தியில் அதிலிருந்து எழும் கேள்வியை வையுங்கள்: ஓர் எழுத்து மாறியதற்காக ஒரு மாணவி படிப்பை விடும் நிலை ஏன் வருகிறது, முதல் தலைமுறை மாணவர்களுக்கு அலுவலக நடைமுறையை யார் சொல்லித் தருவது? மூன்றாவதில், அந்தக் கேள்விக்கு அந்தப் பல்கலைக்கழகத்தில் எந்தப் பாடம், எந்தப் பேராசிரியரின் ஆய்வு உதவும் என்று பெயர் சொல்லி எழுதுங்கள். அந்த ஆய்வில் ஒன்றையாவது படித்துவிட்டு எழுதுங்கள். கடைசியில், படித்து முடித்து எந்த வேலையில் உட்காரப் போகிறீர்கள் என்பது. பல்கலைக்கழகத்தின் புகழை நீங்கள் அவர்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டாம், அவர்களுக்கே தெரியும். விருதுநகர் கவுன்ட்டரில் நடப்பதுதான் அவர்களுக்குத் தெரியாது.

கன்சல்டன்சியில் பணம் கட்டினால் எஸ்.ஓ.பி. எழுதித் தருகிறார்கள். ஏஐ இலவசமாகவே எழுதுகிறது. எது நல்லது?
– வாசகர், சென்னை

நேர்காணலில், 'இந்தப் பத்தியைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லுங்கள்' என்பார்கள். அப்போது அந்த இருவரும் உங்கள் பக்கத்தில் இருக்க மாட்டார்கள். நீங்களே எழுதுங்கள்; பிழை திருத்த மட்டும் இன்னொருவரிடம் கொடுங்கள்.

பரிந்துரைக் கடிதம் கேட்டால் துறைத்தலைவர், 'நீயே எழுதிக்கொண்டு வாம்மா, கையெழுத்துப் போடுகிறேன்' என்கிறார்.
– வாசகி, திருச்சி

கையெழுத்து அவருடையது, கடிதம் உங்களுடையது என்றால், உங்கள் எஸ்.ஓ.பி. இரண்டு முறை போகிறது. பரிந்துரை ஒருமுறைகூடப் போகவில்லை. அவருக்கு நேரமில்லை என்பது உண்மையாக இருக்கலாம். அவர் வகுப்பில் நீங்கள் செய்த புராஜெக்ட், என்.எஸ்.எஸ். முகாமில் ஏற்ற பொறுப்பு, விண்ணப்பிக்கும் படிப்பு, கடைசி நாள் எல்லாவற்றையும் ஒரே பக்கத்தில் எழுதி, ஒரு மாதம் முன்னதாகவே கொடுங்கள். 'சார், இதைப் பார்த்து உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்' என்று கேளுங்கள். பல்கலைக்கழகம் அவருக்கே நேரடியாக இணைப்பு அனுப்பும். அதற்கு அவருடைய கல்லூரி மின்னஞ்சல் முகவரியைத் தருவது நல்லது. பெரும்பாலும் மூன்று கடிதம் கேட்பார்கள். அதில் ஒன்று, நீங்கள் வேலை செய்வதைக் கண்ணால் பார்த்தவரிடமிருந்து வரட்டும். விடுதிக் காப்பாளர் எழுதும் நான்கு வரி, உங்களை அறியாத துணைவேந்தர் எழுதும் நாற்பது வரியை விட மேல்.

வீட்டை அடமானம் வைத்து என்னை அனுப்ப அப்பா தயாராக இருக்கிறார். போகலாமா?
– வாசகர், மதுரை

அப்பாவின் மனசு பெரியது. அதனாலேயே நீங்கள் கணக்கைக் கறாராகப் போட வேண்டும்.

முதல் கணக்கு: அமெரிக்காவில் இந்தத் துறையினருக்கும் உள்ள ஒரு வசதி, கிராஜுவேட் அசிஸ்டன்ட்ஷிப். விடுதி, சேர்க்கை அலுவலகம், மாணவர் ஆலோசனை மையம் போன்ற இடங்களில் வழக்கமாக வாரம் 20 மணி நேரம் வேலை. பதிலுக்குக் கல்விக் கட்டணத்தில் முழுத் தள்ளுபடியோ பாதித் தள்ளுபடியோ, கூடவே சம்பளமும் கிடைக்கும். எஃப்-1 மாணவர் விசாவில் செமஸ்டர் நாட்களில் வளாகத்துக்குள் அனுமதியும் அதே 20 மணி நேரம்தான். பல இடங்களில் இதற்குத் தனி விண்ணப்பமும் தனி நேர்காணலும் உண்டு. வெளிநாட்டு மாணவர்களுக்கும் கிடைக்குமா என்று முதல் மின்னஞ்சலிலேயே கேளுங்கள்.

இரண்டாவது கணக்கு: படிப்பு முடிந்தபின் ஓ.பி.டி. என்ற பெயரில் வேலை பார்க்க 12 மாதம் அனுமதி. கணினித் துறைக்குப் போன உங்கள் நண்பருக்குக் கூடுதலாக 24 மாதம் கிடைப்பது, அறிவியல், தொழில்நுட்பப் படிப்புகளுக்கான 'ஸ்டெம்' பட்டியலால். உயர்கல்வி நிர்வாகம் அந்தப் பட்டியலில் இல்லை. அவருடைய கணக்கை வைத்து உங்கள் கடனைத் தீர்மானிக்காதீர்கள்.

மூன்றாவது: நிதி உதவியோடு இடம் கொடுக்கும் பல பல்கலைக்கழகங்கள், ஏப்ரல் 15 வரை மாணவர் பதில் சொல்லக் காத்திருப்பதாகத் தங்களுக்குள் ஒப்புக்கொண்டிருக்கின்றன. நாளைக்கே முடிவு சொல் என்று யாராவது அவசரப்படுத்தினால், அந்தப் பல்கலைக்கழகம் அதில் உண்டா என்று பாருங்கள்.

உதவி கிடைத்தால் போங்கள். கிடைக்காவிட்டால் வீட்டுப் பத்திரம் பீரோவிலேயே இருக்கட்டும். அடுத்த ஆண்டு மறுபடி விண்ணப்பியுங்கள்.

எட்.டி., பிஎச்.டி. – எது பெரிது?
– வாசகர், ஈரோடு

பெரிது சிறிது இல்லை. எட்.டி. என்ற கல்வியியல் முனைவர் பட்டம், வேலையில் இருந்துகொண்டே தன் நிறுவனத்தின் சிக்கலைத் தீர்க்க விரும்புகிறவருக்கு. பிஎச்.டி., ஆய்வையே வேலையாகக் கொள்ள விரும்புகிறவருக்கு. முழுநேரப் பிஎச்.டி.க்கு உதவித்தொகை கிடைக்கும் வாய்ப்பு அதிகம். எட்.டி.க்குப் பெரும்பாலும் கைக்காசு. முழுக்க ஆன்லைனில் நடக்கும் எட்.டி.யைக் காட்டி எஃப்-1 விசா வாங்க முடியாது.

இந்தியாவில் பிஎச்.டி. என்றால், 2024 முதல் நெட் மதிப்பெண்ணே சேர்க்கைக்கும் வழி. நெட்டுக்கு 70 சதவீதம், நேர்காணலுக்கு 30. அந்த மதிப்பெண் சேர்க்கைக்கு ஓராண்டு செல்லும். உயர்கல்வி நிர்வாகத்தையே ஆராய நினைப்பவர்கள் டில்லியில் உள்ள நீபாவைப் பாருங்கள். 1962-ல் யுனெஸ்கோவின் ஆசிய மையமாகத் தொடங்கிய இடம் அது.

ஜி.ஆர்.இ. கட்டாயமா?
– வாசகி, வேலூர்

பல கல்வியியல் துறைகள் அதைக் கேட்பதை விட்டுவிட்டன. கேட்காத இடத்துக்காக அந்தத் தேர்வை எழுத வேண்டாம். அந்த நேரத்தை எஸ்.ஓ.பி.க்குக் கொடுங்கள். டோஃபல், ஐ.இ.எல்.டி.எஸ். மதிப்பெண் இரண்டு ஆண்டுதான் செல்லும். ரொம்ப முன்னதாக எழுதிவிடாதீர்கள்.

'வாத்தியார் வேலைக்கு இவ்வளவு படிப்பா?' என்று உறவுக்காரர்கள் கேட்கிறார்கள். என்ன பதில் சொல்ல?
– வாசகர், திருநெல்வேலி

வேலூரில் பிறந்து, சென்னை கிறிஸ்தவக் கல்லூரியில் பொருளாதாரப் பாடம் எடுத்த மால்கம் ஆதிசேஷையாவைப் பற்றிச் சொல்லுங்கள். யுனெஸ்கோவில் துணைத் தலைமை இயக்குநர் வரை உயர்ந்து, ஊர் திரும்பிச் சென்னைப் பல்கலைக்கழகத் துணைவேந்தரும் ஆனார். அவர் தொடங்கியது வாத்தியார் வேலையில்தான்.

விண்ணப்பத்தை அனுப்புமுன் கடைசியாக எதைச் சரிபார்க்க வேண்டும்?
– வாசகி, புதுச்சேரி

கடைசி நாளைப் பாருங்கள்: பிஎச்.டி.க்குப் பெரும்பாலும் டிசம்பர், முதுகலைக்கு ஜனவரி, பிப்ரவரி. பாஸ்போர்ட்டிலும் மதிப்பெண் பட்டியலிலும் பெயர் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு எஸ்.ஓ.பி.யில் 'நான்' எத்தனை இடத்தில் வருகிறது, 'மாணவர்' எத்தனை இடத்தில் வருகிறார் என்று எண்ணுங்கள். மாணவர் ஓரிடத்திலும் இல்லை என்றால் அனுப்பாதீர்கள். உட்கார்ந்து திருத்தி எழுதுங்கள். நீங்கள் விண்ணப்பிப்பது அவருக்காக ஒரு வேலையில் உட்காரத்தான்.