சைபரைத் தின்ன கம்ப்யூட்டர்

ஏலே தம்பி, இங்கன வா. கழுத்துல அட்டை, கையில மடிக்கணினி. டேட்டா அனலிஸ்டாம்லா நீ? கருப்பாநதித் தண்ணி பாயுத வயக்காரங்க பட்டியலை ஒரே பத்தியில கொட்டிக் குடுத்தா, கமா கண்ட எடமெல்லாம் வெட்டி, நிமிசத்துல தனித்தனியாப் பிரிச்சிட்ட. பச்சை, மஞ்சள்னு கலர் வேற. சபாசு!

ஆனா நம்ம பக்கத்து லேண்ட்லைன் 04633-லதான தொடங்கும்? இங்க 4633-ன்னுல்லா நிக்கி. முன்னால இருந்த சைபர் எங்கலே? சாரல் விழுதுன்னு குத்தாலத்துக்குக் குளிக்கப் போயிட்டோ?

அடுத்ததைப் பாரு. சர்வே நம்பர் 5/2. அதை உன் எக்செல் பிப்ரவரி 5-ன்னு ஆக்கி வச்சிருக்கு. கம்ப்யூட்டர்ல அமெரிக்கத் தேதி முறை இருந்தா மே 2 ஆயிரும். வயலுக்குப் பொறந்தநாள் கொண்டாடவா போற? 12 இலக்க ஆதார், E+11-ன்னு வால் மொளைச்சு நிக்கி. அதுகூடப் பரவால்ல, நம்பர் உள்ள முழுசாக் கெடக்கும். பேங்கு கணக்கு நம்பர் அப்படியா? எக்செலுக்கு 15 இலக்கத்துக்கு மேல மண்டையில நிக்காது. பதினாறாவதை 0 ஆக்கிரும். அப்புறம் தலைகீழா நின்னாலும் வராது. யாரு பணம் யாரு கணக்குக்குப் போவும்?

நீ மட்டும் இல்ல, பெரிய படிப்பாளிகளும் இதுல மாட்டுனவங்கதான். மரபணு ஒண்ணுக்கு MARCH1-ன்னும் இன்னொண்ணுக்கு SEPT2-ன்னும் பேரு வச்சாங்க. எக்செல் ரெண்டையும் தேதியாக்கிருச்சு. 2020-ல அந்த மரபணுக்களோட பேரையே MARCHF1, SEPTIN2-ன்னு மாத்திட்டாங்க. மாறினது கம்ப்யூட்டர் இல்லலே, மனுசன்!

இத்தனைக்கும் எக்செல் கேக்கத்தான் செய்யுது. ஒரு பத்தியைப் பலதாப் பிரிக்கதுக்கு மூணு படி. மூணாவதுல, எந்தப் பத்தி என்ன வகைன்னு கேக்கும். நீயோ ரெண்டாவதுலயே 'ஃபினிஷ்' அமுக்கிட்டு டீக்கடைக்குப் போயிருத. அளவு சொல்லலைன்னா தையக்காரன் அவன் இஷ்டத்துக்குத்தான வெட்டுவான்? மூணாவது படிக்குப் போ. கீழ தெரியுத பத்தியைத் தொட்டு, 'டெக்ஸ்ட்'னு சொல்லு. எதுக்கெல்லாம்னா கேக்க? கூட்டிப் பாக்குத சோலி இல்லாத நம்பருக்கெல்லாம். ரெண்டு பேரு போன் நம்பரை எவனாவது கூட்டுவானா? வய பரப்பு, ரூவா, இதைக் கூட்டணும். அதை மட்டும் 'ஜெனரல்'லயே விடு.

வலப்பக்கம் காலிப் பத்தி இருக்கான்னும் பாத்துக்க. இல்லைன்னா, அங்க ஏற்கெனவே சரக்கு இருக்கு, அழிக்கட்டுமான்னு கேக்கும். படிக்காமலே 'ஓகே' குத்துவ நீ.

'பொறவு டெக்ஸ்டா மாத்திக்கிடலாம் தாத்தா'ங்கியா? போன சைபர் போனதுதான். பிரிக்கதுக்கு முன்ன இருந்த பட்டியலை வச்சு மறுபடி பிரி. அதுக்கு ஒரு நகல் எடுத்து வச்சிருக்கியா?

என்னலே முழிக்க?