கைதிகளும் கண்ணியவான்களும்

அந்தமானில், 2024 வரை போர்ட் பிளேர் எனப்பட்ட நகரின் ஷாதிபூரில் தமிழரும் வங்காளியும் தெலுங்கரும் மலையாளியும் இந்தியில் பேரம் பேசிப் பக்கத்துப் பக்கத்து வீட்டில் குடியிருக்கிறார்கள். நம்மூர் சமாதானக் கமிட்டிக்கு அங்கே பிழைப்பு ஓடாது.

1858-இல் கைதிகளைக் கொண்டு தொடங்கிய குடியேற்றம் அது. பின்னாளில் நன்னடத்தைக் கைதிகள் தங்களுக்குள் மணம் முடிக்க அரசு அனுமதித்தது. வெள்ளைக்காரனுக்குச் சாதி ஒழிப்பு லட்சியமெல்லாம் இல்லை. காடு திருத்தக் குடும்பஸ்தன் தேவைப்பட்டான். "மாப்பிள்ளை என்ன ஆளுங்க?" என்று கேட்டால், "ஆயுள் தண்டனை" என்பதே பதிலாக இருந்திருக்கும். சாதியும் மதமும் கலந்த அவர்களின் வாரிசுகள்தான் 'லோக்கல் பார்ன்'.

குற்றப் பின்னணி இல்லாத நம் கண்ணியவான்கள் மதுரை மாவட்டம் உத்தப்புரத்தில் 1989-இல் தலித்துகளுக்குக் குறுக்கே சுவர் எழுப்பினார்கள். 2008 மே 6-இல் அரசு அதில் ஒரு பகுதியை இடித்தது. சமாதான ஒப்பந்தத்தில் கையெழுத்தாக 2011 ஆயிற்று.

அந்தமானையும் மெச்சிக்கொள்ள வேண்டாம். 1942-க்கு முன் வந்தவரா, பின் வந்தவரா என்று இப்போது அங்கேயும் இட ஒதுக்கீட்டுக்குச் சான்றிதழ் கேட்கிறார்கள். மனிதர்களைப் பிரிக்கச் சாதிதான் வேண்டும் என்பதில்லை. ஒரு தேதி போதும்.